மெக்கானிக்குக்கு முன்னால் என் தொண்டை

ஏசி கம்பெனியில் கம்ப்ளெய்ன்ட் ஃபோன் எடுக்கிற வேலை என்றால், நாள் பூராவும் குளிரைப் பற்றியே பேசிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற வேலை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆன சமயம் அது. "எங்க பெங்களூருக்கு ஃபேனே வேண்டாம்" என்று பீற்றிக்கொண்டிருந்த ஜனங்கள், திடீரென்று ஆளுக்கொரு ஏசி வாங்கி மாட்ட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் கம்பெனிக்கு முன்பக்கம் கண்ணாடி போட்ட ஷோரூம். அங்கே ஏசி ஓடும். பின்பக்கம் குடோன், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அங்கே நான், ஒரு மேஜை, கழுத்தைத் திருப்பாத ஒரு டேபிள் ஃபேன், வாய் ஓயாத ஒரு ஃபோன். ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து உட்கார்ந்தால், சாயங்காலம் வரைக்கும் அந்த ரிசீவர் என் காதை விட்டு இறங்காது.

யார் கம்ப்ளெய்ன்ட் சொன்னாலும் மெக்கானிக்கை உடனே அனுப்பிவிடக் கூடாது. முதலில் நான் கேட்க வேண்டும். மெயின் ஸ்விட்ச் போட்டிருக்கா, ஸ்டெபிலைசர்ல லைட் எரியுதா, ரிமோட்ல பேட்டரி இருக்கா, ஃபில்டரைக் கழுவினீங்களா, கதவு ஜன்னல் மூடியிருக்கா, வெளி யூனிட்டை எதாவது மறைக்குதா? பாதி ரிப்பேர் இதிலேயே சரியாகிவிடும். கேட்காமல் அனுப்பினால், மெக்கானிக் வெயிலில் அத்தனை தூரம் போய் ஒரு ஸ்விட்சைத் தட்டிவிட்டுத் திரும்பி வருவான். அதற்கு எங்கள் ஆபீஸில் 'வெத்து விசிட்' என்று பேர். வெத்து விசிட்டுக்குத் திட்டு மெக்கானிக்குக் கிடையாது, எனக்குத்தான்.

கவுண்டருக்குப் பின்னாலும் ஃபோனுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்து பதில் சொல்லியே தேய்ந்துபோன சக துன்பக்காரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு வந்த பேச்செல்லாம் கன்னடம், உருது, தமிழ், இங்கிலீஷ் என்று கலந்துகட்டி வந்தது. இங்கே எல்லாரையும் தமிழிலேயே பேச விட்டிருக்கிறேன்.

முப்பதுக்கு மேல் போகாத ரிமோட்

ஜெயநகரிலிருந்து ஒரு பெரியவர். ரிடையர் ஆன கையோடு ஏசி வாங்கியிருக்கிறார். மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை, குளிரவே மாட்டேன் என்கிறது என்று ஒரே ஆத்திரம். ஸ்விட்ச் போட்டிருந்தது. ஸ்டெபிலைசர் லைட் எரிந்தது. ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஒவ்வொரு கேள்வியையும் நான் கத்தித்தான் கேட்டேன். கடைசியில், "ரிமோட்ல என்ன நம்பர் சார் தெரியுது?" என்றேன். "முப்பது வெச்சிருக்கேன். அதுக்கு மேல போக மாட்டேங்குது, அதுவும் ஒரு கம்ப்ளெய்ன்ட்னு எழுதிக்கோ" என்றார்.

ஃபேன் ரெகுலேட்டரில் நம்பரைக் கூட்டினால் காற்று கூடுகிறதல்லவா, அந்தப் பழக்கம். ஐயா, இது வேகம் இல்லை, ரூம் எவ்வளவு சூட்டில் இருக்கணும் என்பதுதான் அந்த நம்பர், குறைத்தால்தான் குளிரும் என்று தொண்டை கிழியச் சொன்னேன். குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசியில் இருபத்தி நாலுக்கு இறக்கினார், குளிர்ந்தது. ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொன்னார்: "குளிருதும்மா. ஆனா முழு ஏசியையும் வாங்கிட்டு இருபத்தி நாலு வரைக்கும்தான் யூஸ் பண்ணணும்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?"

டாக்டர் வீட்டில் சொட்டுகிற தண்ணீர்

மார்ச் மாசமே என் குரல் கம்ம ஆரம்பித்துவிட்டது. காலையில் ஓரளவு இருக்கும், மத்தியானம் கரகரக்கும், சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்குகிற இடத்தைச் சைகையில் காட்ட வேண்டிய நிலைமை. பயந்துபோய்த் தொண்டை டாக்டரிடம் போனேன். உள்ளே கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு அவர் முகம் மாறியது. குரல் நாண் தடித்துப்போயிருக்கிறது, இப்படியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு நாள் சுத்தமாக நின்றுபோகும், அப்புறம் மருந்துக்கும் திரும்பி வராது என்றார்.

"அப்படி என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான், மனுஷர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் வீட்டு ஏசியில் ரூமுக்குள் தண்ணீர் சொட்டுகிறதாம், கட்டில் நனைகிறதாம். தண்ணீர் வெளியே போகிற பைப் எங்கே போகிறது என்று கேட்டேன். வீட்டம்மா அதை ரோஜாத் தொட்டிக்குள் சொருகி வைத்திருக்கிறாராம், செடிக்கும் தண்ணீர் ஆயிற்றாம். பைப் வாயில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பாமல் எங்கே போகும்? அதை நான் சொல்லச் சொல்ல அவர் சீட்டில் எழுதிக்கொண்டார். நடுவில் எனக்கு இருமல் வந்து பேச்சு நின்றது. டாக்டர் அன்போடு தண்ணீர் கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னியிலேர்ந்து ஒரு வார்த்தை பேசக் கூடாதும்மா. அந்தப் பைப்பைக் கழுவறது எப்படின்னு மட்டும் சொல்லி முடிச்சுட்டு ஆரம்பிச்சுடுங்க."

நோடி செல்வி

மறுநாள் மேனேஜர் நாகராஜ் முன்னால் போய் நின்றேன். நல்ல மனுஷர்தான். ஹாசன் பக்கத்துக்காரர், தமிழ் சரளமாகப் பேசுவார், ஆனால் எதைச் சொன்னாலும் "நோடி" என்றுதான் ஆரம்பிப்பார். பாருங்க என்று அர்த்தம். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிடுங்கள், ஸ்பேர் பார்ட்ஸ் எண்ணி வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் கிடக்கிறேன் என்று கெஞ்சினேன். எனக்கு மூணு வயசில் ஒரு பெண் இருக்கிறாள், அவளைக் கூப்பிடவாவது குரல் வேண்டும் சார் என்றேன்.

அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார். சீசன் நேரம், புது ஆளைப் போட்டால் வெத்து விசிட் எகிறிவிடும், மேலே இருப்பவர்கள் தன்னைத் தொலைத்துவிடுவார்கள் என்றார். வெத்து விசிட்டை மட்டும் நான் குறைத்துக் காட்டிவிட்டால், ஜூன் மாசம் மழை ஆரம்பித்ததும் ஸ்டோர்ஸ் சாவி என் கையில் என்று வாக்குக் கொடுத்தார். ஜூன் வரைக்கும் தொண்டை தாங்குமா சார் என்று கேட்டேன். "நோடி செல்வி, நீங்க வாயை மூடணும்னா, அதுக்கு இந்த சம்மர் பூரா நல்லாப் பேசிடணும்" என்றார்.

ஏசிக்கு எங்கே நெற்றி?

வாக்குக் கொடுத்த சூட்டோடு ஒரு வெத்து விசிட். ராஜாஜி நகரில் புது ஏசி. காலையில் மாட்டியபோது நன்றாக ஓடியதாம், மத்தியானம் ரிமோட்டை அமுக்கினால் அசையவில்லை. என் கேள்வி அத்தனையும் கேட்டேன், எல்லாம் சரியாக இருந்தது. வேறு வழியில்லாமல் எங்கள் மெக்கானிக் நயாஸை அனுப்பினேன். நீலசந்திராக்காரன், தங்கமான பையன், ஆனால் வெயிலில் போய் வந்தால் வாய் சும்மா இருக்காது. திரும்பி வந்து ஹெல்மெட்டை என் மேஜை மேல் வைத்தான். "அக்கா, ரிப்பேர் ஒண்ணும் இல்ல. புது சாமான்னு பூஜை போட்டிருக்காங்க. ரிமோட் சிக்னல் வாங்கற எடம் இருக்குல்ல, சின்னதா, பளபளன்னு, அதும் மேல சந்தனத்தை அப்பி குங்குமம் வெச்சிருக்காங்க. கர்ச்சீப்பால தொடச்சேன், ஓடுது. ஆனா அந்தம்மா என்னைய விட மாட்டேங்குது, பொட்ட அழிச்சுட்டியேன்னு" என்றான். கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவே ஃபோனில் வந்து, நெற்றி மாதிரி இருக்கிற இடம் அது ஒன்றுதானே, வேறு எங்கே வைப்பது என்று என்னிடம் சண்டை பிடித்தார்.

சரி, இனி இதையும் கேட்டுவிடுவோம் என்று என் கேள்விகளோடு சேர்த்துக்கொண்டேன். அடுத்து வந்த ஃபோன் பசவனகுடி மாமி ஒருவர். எடுத்த எடுப்பிலேயே, "மேடம், ஏசிக்குப் பொட்டு வெச்சிருக்கீங்களா?" என்றேன். மாமி பதறிப்போய்க் கேட்டார்: "அய்யோ, வெக்கணுமா? மாட்ட வந்த பையன் ஒரு வார்த்தை சொல்லலையேம்மா! இரு, இப்பவே வெச்சுட்டு வரேன்."

திங்கட்கிழமை ஜீன்ஸ்

ஈஜிபுராவில் சாஃப்ட்வேர் பையன்கள் சில பேர் சேர்ந்து மொட்டை மாடி ரூம் ஒன்றில் இருந்தார்கள். எல்லாம் சேலம், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகள். வெயில் தாங்காமல் கூட்டுச் சேர்ந்து ஏசி போட்டிருந்தார்கள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஏசி நின்று நின்று ஓடும், திங்கட்கிழமை என்னைப் பிடித்துக்கொள்வார்கள். வெளி யூனிட் முன்னால் எதாவது இருக்கா தம்பி என்று கேட்டால், ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். நயாஸ் இரண்டு தடவை போய்ப் பார்த்து, கோளாறே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். இரண்டும் என் தலையில்தான் விடிந்தது.

மூன்றாவது தடவை எனக்குக் குரலும் போய்க்கொண்டிருந்தது, பொறுமையும் போய்க்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமை மட்டும் அங்க என்னடா பண்றீங்க?" என்று கேட்டேன். ஒன்றும் பண்ண மாட்டோம்க்கா, துணி துவைப்போம், அவ்வளவுதான் என்றான் ஃபோனில் இருந்த பையன். எங்கே காயப் போடுவீங்க? வெளி யூனிட்டுக்கு முன்னாடி கொடி கட்டியிருக்கோம்க்கா, சூடா காத்து வருது, மழை மேகம் போட்டாக்கூட ஜீன்ஸ் சீக்கிரம் காஞ்சுடும் என்றான். அடப்பாவிகளா! சூடு வெளியே போக முடியாமல் மிஷின் மூச்சு முட்டி நிற்கிறது, இவர்கள் ஜீன்ஸ் காயப் போட்டிருக்கிறார்கள். கொடியை அவிழ்த்துவிடு, ஏசி சரியாகிவிடும் என்றேன். நண்பர்களோடு கலந்து பேசிவிட்டு வந்து பையன் பணிவாகச் சொன்னான்: "அக்கா, உள்ள கூல் கொஞ்சம் கம்மியானாலும் பரவால்ல, வெளில அந்தச் சூடு மட்டும் நிக்காம பாத்துக்கங்க. திங்கக்கிழமை ஆபீஸ் போகணும்ல?"

கத்துகிற ஏசி

மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டம்மா, ஏசி கத்துகிறது என்றார். ஜன்னலில் பொருத்துகிற பெட்டி மாதிரி ஏசி. என்ன மாதிரி சத்தம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ரிசீவரை அதன் பக்கத்தில் கொண்டு போங்கள் என்றேன். கேட்டேன். கீச்சுகீச்சென்று ஒரு குடும்பமே பசியில் அலறுகிறது. பின்பக்கம் எட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து, "மைனா கூடு! குஞ்சுங்க வாயைப் பொளந்துண்டு இருக்கு" என்றார், பேரன் பிறந்த மாதிரி சந்தோஷமாக.

கூட்டை எடுக்கவும் மாட்டாராம், ஏசியைப் போடவும் மாட்டாராம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கம்ப்ளெய்ன்ட்டை முடித்துவிடவா என்று கேட்டால், கூடவே கூடாது என்றார். முடியாத கம்ப்ளெய்ன்ட் எல்லாம் என் பேரில்தான் நிற்கும், எனக்கு ஜூன் மாசம் இருக்கிறது மேடம் என்று கரகரத்த குரலில் கெஞ்சிப் பார்த்தேன். ஜூனுக்கும் மைனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. "குஞ்சு பறக்கற வரைக்கும் நாங்க வேர்த்துண்டு இருக்கோம், நீ அந்தக் கம்ப்ளெய்ன்ட்டை அப்படியே திறந்து வை. அதுங்க கிளம்பினதும் நானே ஃபோன் பண்றேன்" என்று வைத்துவிட்டார்.

சண்டைக்காரி இறங்கி வந்த நாள்

மே மாசம் என் குரல் குரலாகவே இல்லை. தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம், அதுவும் பாதி வார்த்தைக்குத்தான் வரும். கோரமங்களாவில் ஒரு அம்மா உண்டு. அவர் ஃபோன் என்றாலே ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வோம். கேள்வி கேட்டால், "எனக்கு இதைப் பார்க்கிற வேலையா, ஆளை அனுப்பு" என்று பிடித்துக் கிழிப்பார். அன்றைக்கும் கத்திக்கொண்டே வந்தார். நான், "மேடம், ஃபில்டர்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கம் சட்டென்று அடங்கிப்போயிற்று. "யாரும்மா பேசறது? என்னம்மா ஆச்சு?" என்றார். தானே போய்ப் பார்த்தார். ஃபில்டரில் தலையணைப் பஞ்சு மாதிரி தூசி இருந்ததாம், தானே கழுவி மாட்டினார்.

அவர் மட்டும் இல்லை. என் குரலைக் கேட்டதும் ஊரில் எல்லாருமே நல்லவர்களாகிவிட்டார்கள். முன்பெல்லாம் ஸோஃபாவை விட்டு எழுந்திருக்காதவர்கள், நான் இரண்டாவது கேள்வியை ஆரம்பிப்பதற்குள் ஓடிப் போய் ஸ்விட்ச், ஸ்டெபிலைசர், வெளி யூனிட் எல்லாம் பார்த்துவிட்டு வந்தார்கள். வெத்து விசிட் குறைந்தது. நயாஸ், "ஹவ், ஆமாக்கா, இந்த வாரம் ஒரு எடத்துக்கும் சும்மா போவல" என்று ஆச்சரியப்பட்டான். ஜெயித்துவிட்டோம், ஸ்டோர்ஸ் சாவி வந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. அந்தக் கோரமங்களா அம்மா மறுபடி ஒரு நாள் கூப்பிட்டபோது, நான் ஹலோ சொன்னதுமே சொன்னார்: "நீ பேசாதம்மா, உன் குரலைக் கேட்டா எனக்கே தொண்டை வலிக்குது. நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துடறேன்."

எங்கள் தெருவில்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மே கடைசியில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து எங்கள் சந்துக்குள் நுழைகிறேன். என் பெண் கீர்த்தி வீட்டு வாசலுக்கு எதிரே, கீழே உட்கார்ந்து கல்லை அடுக்கி விளையாடிக்கொண்டிருக்கிறாள். ஒரு ஆட்டோ பின்னால் வருகிறது. டிரைவர் அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டே ரிவர்ஸ் எடுக்கிறான். நான் பார்த்துவிட்டேன். "கீர்த்தி!" என்று கத்தினேன். கத்தினதாகத்தான் நினைத்தேன். காற்றுதான் வந்தது. மறுபடியும் கத்தினேன். மறுபடியும் காற்று. பையைப் போட்டுவிட்டு ஓடினேன், கால் பின்னிக்கொண்டது. எதிர்வீட்டு மேரியக்கா தண்ணீர்க் குடத்தை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து குழந்தையைத் தூக்கிவிட்டார். குடம் ஆட்டோச் சக்கரத்தில் நசுங்கியது.

பெண்ணை வாங்கி மார்பில் அணைத்துக்கொண்டு அழுதேன். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. என்ன சொல்லி நான் மேரியக்காவுக்குப் புரியவைப்பேன்? அவர் மேல் தப்பே இல்லை. அவர் கண்ணுக்கு, தெருமுனையில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற ஒரு தாய்தான் தெரிந்திருக்கிறாள். படபடப்பு அடங்காமல் கேட்டார்: "ஏன் செல்வி, கண்ணால பாத்துக்கிட்டே நிக்கிறியே, ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?"

மழை வந்த பிறகு

அதற்கப்புறம் சில நாள் லீவு போட்டுவிட்டேன். திரும்பிப் போனபோது ஜூன் பிறந்து மழையும் தொடங்கிவிட்டது. நாகராஜ் சார் என்னை ஷோரூமுக்கே கூப்பிட்டு, ஏசிக்கு நேராக உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். இந்த சம்மர் மாதிரி வெத்து விசிட் குறைந்து தான் பார்த்ததே இல்லை என்றார். நான் கையை நீட்டினேன், ஸ்டோர்ஸ் சாவிக்காக. அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

நான் லீவில் இருந்தபோது ஷோரூம் பெண்ணை என் நாற்காலியில் உட்கார வைத்தார்களாம். தேன் மாதிரிக் குரல் அவளுக்கு. கஸ்டமர் ஒருத்தரும் எழுந்து போய் ஸ்விட்சைப் பார்க்கவில்லையாம். சிலர் அவளோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம், சிலர் திட்டினார்களாம், நயாஸ் ஊரெல்லாம் வெத்து விசிட் போய்ச் செத்துப்போனானாம். என் பெண்ணுக்கு நடந்ததை ஒரு பேப்பரில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். படித்தார். உண்மையாகவே கண் கலங்கினார். பையனைக் கூப்பிட்டு எனக்கு வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு ரொம்பப் பரிவோடு சொன்னார்: "நோடி செல்வி, கஸ்டமர் எழுந்து போய்ப் பாக்கறதே உங்க குரலைக் கேட்டுப் பாவப்பட்டுத்தான். அது இப்படி இருக்கற வரைக்கும் நீங்க அந்த சீட்லயே இருங்க. குரல் சரியான உடனே சொல்லுங்க, அன்னிக்கே ஸ்டோர்ஸுக்கு மாத்திடறேன்."

ஆகவே சக துன்பக்காரர்களே, இன்றைக்கும் நீங்கள் யாராவது எனக்கு ஃபோன் போட்டு, மறுமுனையில் வெறும் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டால், தயவுசெய்து லைன்மேனைக் கூப்பிட்டு அலைய விடாதீர்கள், லைன் நன்றாகத்தான் இருக்கிறது.